நான் நீக்கிய அறுபத்தொரு வரிகள்

ஆழ்கடல் ஆய்வு நிலையம், வங்கக் கடல். ஆழம் 740 மீட்டர்.
குறிப்பேடு எழுதுபவர்: தாணுமாலயன், ஆவணப் பணி.

நாள் 6 — 08:15

முன்னறை ஆக்சிஜன் 20.8 சதவீதம். பின்னறை 20.7. வெளியே நீரின் வெப்பம் ஏழு டிகிரி. கசிவு இல்லை. பேட்டரி 91 சதவீதம்.

ஜுலைஹா ஏழரைக்கே பின்னறைக்குப் போய்விட்டாள். கடலடிச் சேற்றை நீளக் குழாயில் எடுத்து, அல்வாத் துண்டு போல வெட்டி, எந்தத் துண்டு எந்த யுகத்தது என்று சொல்வது அவள் வேலை. காயல்பட்டினத்துப் பெண், நிலவியல் ஆய்வாளர். நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் ஆய்வாளன் அல்ல. பாலிடெக்னிக்கில் முப்பத்துமூன்று ஆண்டு கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நிலையத்துக்குக் கையேடு எழுதப் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்திருக்கிறேன்.

இந்தக் குறிப்பேட்டை யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்து வருபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று கையேட்டில் எட்டாம் அத்தியாயம், கழிப்பறைப் பம்பு. மூன்று படம் போட்டிருக்கிறேன். படம் இல்லாமல் பம்பு யாருக்கும் புரியாது.

நாள் 6 — 16:05

15:10க்கு இடைவழியின் அடைப்பு வளையம் பிய்த்துக்கொண்டது. இரண்டு அறைகளையும் இணைக்கும் ஆறு மீட்டர் வழியில் நாற்பது நொடிக்குள் கடல் நிறைந்துவிட்டது. இரு பக்கக் கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. நான் முன்னறையில் இருக்கிறேன். அவள் பின்னறையில். இருவருக்கும் காயமில்லை. இன்டர்காம் வேலை செய்கிறது.

அவள் அறைக்கு ஆக்சிஜன் விடும் வால்வை ஆள்வது என் அறை அலமாரியில் உள்ள ஒரு போர்டு. கம்பிகள் இடைவழியாகப் போகின்றன. அங்கே இணைப்புப் பெட்டியில் தண்ணீர் புகுந்ததும் போர்டு கருகிவிட்டது. கையால் திருப்பும் வால்வு ஒன்று உண்டு. அதுவும் இடைவழியில்தான், அதாவது இப்போது கடலில்.

மாற்றுப் போர்டு பெட்டியில் இருந்தது. புதிய வகை, நனைந்த கம்பியைத் தாங்கும். பொருத்தினேன், பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் கணினிக்கு அதனோடு பேசத் தெரியவில்லை. டிரைவர் இல்லை.

படிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்துக்கு ஜப்பானியர் ஒருவர் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். கெட்டிக்காரர். மேலாளருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு மேலாளர் மொழி தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். கணினிக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர்.

கப்பலிலிருந்து, 15:52: “சார், கஸ்பார் பேசுதேன். புயலு எங்கள வடக்க தள்ளிட்டு. திரும்பி வர மூணு நாளாவும். டிரைவர் எங்கிட்ட இருக்கு, மூணு லட்சம் எழுத்து. நிமிஷத்துக்கு எழுவது எழுத்துதான் கீழ எறங்குது. கணக்கப் பாருங்க.”

கஸ்பார் எங்களை இங்கே இறக்கிய கப்பலின் தொடர்பாளர். கப்பலும் நாங்களும் பேசுவது தண்ணீரில் போகும் ஒலியால், இவ்வளவு தொலைவில் அது மெதுவாகத்தான் வரும். கணக்குப் பார்த்தேன். எழுபத்தொரு மணி நேரம்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். பின்னறை சிறியது, ஆறு கன மீட்டர். ஓர் ஆள் மூச்சு விட்டால் மணிக்குக் கால் சதவீதத்துக்குச் சற்று மேலே ஆக்சிஜன் குறையும். கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புப் பெட்டி தனி பேட்டரியில் ஓடுகிறது, அது கவலையில்லை. ஆக்சிஜன் பத்துக்கு வந்தால் நினைவு தப்பும். நாற்பது மணி நேரம்.

என் அறை பெரியது. எனக்கு அவசரமில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பின்னறையிலிருந்து, 16:00: “நீங்க வாத்தியார்தானே சார், அந்த டிரைவர நீங்களே எழுதிருங்க. பரீட்சையில பிள்ளைங்களுக்கு மூணு மணி நேரம் குடுத்தீங்க. உங்களுக்கு நாப்பது. ரொம்பத் தாராளம்.”

சிரித்தேன்.

நாள் 6 — 18:30

சி மொழியை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு டிரைவர்கூட எழுதியதில்லை. நீச்சல் புத்தகம் எழுதியவனைக் கடலில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது.

நல்லது ஒன்று உண்டு. இயங்குதளத்தின் மூல நிரல் முழுவதும் இந்தக் கணினியில் இருக்கிறது. அதில் ‘மாதிரிகள்’ என்று ஓர் அடைவு. பதினான்கு மாதிரி டிரைவர்கள். ஒன்று விளக்குக்கு, ஒன்று பொத்தானுக்கு. பதினோராவது, தண்ணீர்த் தொட்டிக்கு: மட்டத்தைப் படிக்கிறது, குறைந்தால் வால்வைத் திறக்கிறது, நிறைந்தால் மூடுகிறது. தொட்டிக்குப் பதில் ஓர் அறை, தண்ணீருக்குப் பதில் ஆக்சிஜன். வேறென்ன வேண்டும்? புதிய போர்டின் பெட்டியில் ஒரு மடித்த தாள் இருந்தது. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் வால்வு திறக்கும், எங்கே படித்தால் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் பதில் வரும் என்ற அட்டவணை. அவ்வளவு போதும்.

மாதிரியை எழுதியவர் பெயர் போடவில்லை. ஆனால் என் இனம் என்று தெரிகிறது. 140 வரி நிரல், அதே அளவு விளக்கம். முதல் விளக்கத்தின் சாரம் இது: ‘கருவி பதில் சொல்லாமல் போகும். அதற்கு என்ன செய்வது என்று முதலில் எழுதுங்கள். பதில் சொன்னால் என்ன செய்வது என்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.’

நல்ல மனிதர். ஆனால் ஆரம்பத்திலேயே இப்படிச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். நான் வகுப்பில் தலைகீழாகச் செய்வேன். கரும்பலகையில் எழுதும்போது பிழை பார்க்கும் வரிகளை எல்லாம் விட்டுவிட்டு நடு இழையை மட்டும் எழுதுவேன். நடு இழை புரிந்தால் மற்றவை தானே புரியும்.

ஒரே ஒரு பயம். சாதாரண நிரல் தப்பு செய்தால் அது மட்டும் நிற்கும். வகுப்பில் ஒரு பையன் சேட்டை செய்தால் வெளியே அனுப்புவது போல. டிரைவர் ஓடுவது கெர்னலுக்குள், கணினியின் நெஞ்சுக்குள். அங்கே தவறு நடந்தால் கணினியே நின்றுவிடும். மறுபடி துவக்கத் தேவையான மின்பகுதி இடைவழியில் நனைந்து கிடக்கிறது. நின்றால் நின்றதுதான். என் காற்றும், கப்பலோடு பேச்சும், இன்டர்காமும், இந்தக் குறிப்பேடும், எல்லாம் அதில்தான்.

நாள் 7 — 05:20

எழுதிவிட்டேன். 79 வரி. மாதிரியின் 140 வரியில் 61 வரியை நீக்கினேன், பெரும்பாலும் பிழை பார்க்கும் வரிகள். இப்போது நிரல் கண்ணாடி போல இருக்கிறது. ஒரு மாணவன் இதைக் கொண்டுவந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பேன்.

ஏற்றும் கட்டளையைத் தட்டிவிட்டு விரலை எடுக்க முடியவில்லை. திரை இரண்டு நொடி உறைந்தது. அந்த இரண்டு நொடியில் என் மனைவிக்கு இன்சுலின் வாங்கி வைத்துவிட்டு வந்தேனா என்று யோசித்தேன்.

வந்தது. பின்னறை ஆக்சிஜன் 17.1. வால்வு திறந்தது.

பின்னறையிலிருந்து, 05:16: “சார்! டக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் உஸ்ஸுன்னு காத்து. எங்க உம்மா பிரஷர் குக்கர் மாதிரியே. அல்ஹம்துலில்லாஹ்.”

நான் அழுதேன் என்பதைக் கையேட்டில் சேர்க்க மாட்டேன்.

நாள் 7 — 11:00

பின்னறை 20.4. இருபதுக்குக் கீழே போனால் திறக்கும்படி, 20.6 வந்தால் மூடும்படி வைத்திருக்கிறேன். எண் நிதானமாக நிற்கிறது. இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

கப்பலிலிருந்து, 10:35: “சார்வாள், கேப்டன் உங்கள மெச்சுதாரு. நம்ம இஞ்சினியர் பயலுவளுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுதாரு. நான் சொன்னேன், பிரம்பு கொண்டாருவாரு, பாத்துக்கிடுங்கன்னு.”

பின்னறையிலிருந்து, 10:50: “சார், காலையிலேருந்து அந்த டக்கு சத்தமே காணோமே?”

தேவைப்படவில்லை, அதனால் திறக்கவில்லை என்று விளக்கினேன். வீட்டு மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது மோட்டார் ஓடுமா? ஓடாது. அப்படித்தான்.

நாள் 7 — 17:30

பின்னறை 20.4.

ஜுலைஹாவுக்கு லேசான தலைவலி. பயம்தான் காரணம் என்று சொன்னேன். எண் நன்றாக இருக்கிறது, தண்ணீர் குடி, படுத்துக்கொள் என்றேன். சரி என்றாள்.

அவளிடம் பிஸ்கட் பதினொன்று, தண்ணீர் நான்கு லிட்டர். நான் கையேட்டில் புதிய அத்தியாயம் தொடங்கியிருக்கிறேன்: ‘மாதிரி நிரலிலிருந்து டிரைவர் எழுதுவது எப்படி’. உற்சாகமாக இருக்கிறது. இந்த வயதில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன்.

நாள் 8 — 07:10

பின்னறை 20.4.

பின்னறையிலிருந்து, 06:40: “சார், நா ஒண்ணு சொல்லட்டுமா? சேறு என்னப் பாத்துச் சிரிக்குது.” பிறகு நெடுநேரம் அவளே சிரித்தாள். பிறகு, “இன்னைக்கு வெள்ளிக்கிழமையா சார்?” ஒரு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. நான் முதல் முறை சொன்ன பதில் அவளுக்கு நினைவில்லை.

எண் 20.4. தனிமை. மூடிய அறை. யாருக்கும் வரும்.

எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 8 — 09:20

ஒரு பையன் ஐந்து தேர்விலும் 64 வாங்கினால் ஆசிரியர் என்ன நினைப்பார்? ஒழுங்கான பையன் என்றா? யாரோ மதிப்பெண் ஏட்டில் முதல் எண்ணை அப்படியே இறக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன். நேற்றுக் காலை 06:32 முதல் 20.4. ஒரு புள்ளிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. இருபத்தேழு மணி நேரம். உள்ளே ஓர் ஆள் மூச்சு விடுகிறாள். எண் குறையாமல் இருக்க வழியே இல்லை.

நடந்தது இது. நனைந்த இணைப்பில் சென்சார் நேற்றுக் காலையே பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. மாதிரியில் இதற்கு வரிகள் இருந்தன: பதில் வராவிட்டால் எண்ணைத் தூக்கி எறி, பிழை என்று அறிவி. நான் நீக்கிய வரிகள். அவை இல்லாததால் என் நிரல் பழைய எண்ணையே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நீட்டியது. கணினி 20.4 என்று நம்பியது, வால்வைத் திறக்கவே இல்லை. நானும் நம்பினேன். அவள் தலைவலி என்றாள். நான் எண்ணை நம்பினேன்.

கணக்குப்படி உள்ளே இப்போது பதின்மூன்று.

மாதிரி நல்ல மாதிரி. எழுதியவர் முதல் வரியிலேயே சொன்னார்.

முப்பத்துமூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு நூற்றிருபது பிள்ளைகள். எல்லோரும் என் கரும்பலகையைத்தான் பார்த்து எழுதினார்கள். இதை இப்போது யோசிக்கக் கூடாது.

நாள் 8 — 10:30

ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை இறக்கி, திருத்தியதை ஏற்ற வேண்டும். சென்சாரைப் பார்க்காமல் வால்வைத் திறந்தே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் புதிதாக ஒன்றை ஏற்றித்தான் ஆக வேண்டும், அதே ஆபத்து. மேலும் அவள் அறையில் ஹீட்டர் ஓடுகிறது. ஆக்சிஜன் மிஞ்சினால் ஒரு பொறி போதும், தலைமுடிகூடத் திரியாகிவிடும். எண் வேண்டும். உண்மையான எண்.

போர்டைச் சோதித்தேன். சென்சார் செத்துவிடவில்லை. பத்து முறை கேட்டால் ஒரு முறை பதில் வருகிறது. அந்த ஒன்று போதும், மற்ற ஒன்பதையும் பதில் இல்லை என்று ஏற்றுக்கொள்ளத் தெரிந்தால்.

61 வரிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறேன்.

ஜுலைஹாவிடம் உண்மையைச் சொன்னேன். நான் எழுதியது தப்பு, நேற்றிலிருந்து உனக்குக் காற்று வரவில்லை, உன் தலைவலி உண்மை, என் எண்தான் பொய் என்றேன்.

பின்னறையிலிருந்து, 10:22: “பரவால்ல சார். நா பெயிலாக்க மாட்டேன். அரியர் எழுதிக்கிடுங்க.”

நாள் 8 — 11:50

அவள் தூங்கிவிடக் கூடாது என்று நிரலை வரி வரியாக இன்டர்காமில் படித்துக் காட்டினேன். அவளுக்கு நிரல் தெரியாது. அதனால் எடுத்துக்காட்டோடு சொன்னேன்.

சென்சாரை ஒரே நேரத்தில் இருவர் கேட்கக் கூடாது. அதற்கு ஒரு பூட்டு. ஹாஸ்டல் குளியலறை என்று வைத்துக்கொள்ளம்மா என்றேன். உள்ளே போகிறவர் தாழ்ப்பாள் போடுவார். குளிப்பார். தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வருவார். அடுத்தவர் போவார். என் நிரலிலும் அப்படித்தான்: தாழ்ப்பாள் போடு, சென்சாரைக் கேள், பதில் வந்தால் குறித்துக்கொள், தாழ்ப்பாளைத் திற. பதில் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடு.



பின்னறையிலிருந்து, 11:41: “சார்... குழாய்ல தண்ணி வரலன்னா... அந்தாளு எப்படி வெளிய போனாரு?”

வெளியேறுகிறார் என்றேன்.

“தாழ்ப்பாளத் தெறந்தாரா? நீங்க தெறந்தாருன்னு படிக்கலையே. ஜன்னல் வழியாவா குதிச்சாரு?”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. தாழ்ப்பாளைத் திறக்காமலேயே வெளியேறுகிறது. மாதிரியில் தோல்வி வழிகள் எல்லாம் கடைசியில் ஓரிடத்துக்குத் தாவி, அங்கே பூட்டைத் திறந்துவிட்டே போகும். எனக்கு அந்தத் தாவல் அழகாகப் படவில்லை. இப்போதும், இந்த நிலையிலும், கை தானாகச் சுருக்கிவிட்டது.

அப்படியே ஏற்றியிருந்தால் முதல் ‘பதில் இல்லை’யிலேயே பூட்டு உள்ளேயே கிடந்திருக்கும். பிறகு யாராலும் சென்சாரைக் கேட்க முடியாது. டிரைவரை இறக்கவும் முடியாது. பத்தில் ஒன்பது முறை பதில் வராத சென்சார். ஒரு நிமிடம்கூடத் தாங்கியிருக்காது.

நீ பாஸ் ஜுலைஹா என்றேன். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். “ம்” என்றாள்.

நாள் 8 — 12:24

திருத்திவிட்டேன். மூன்று முறை மாதிரியோடு ஒப்பிட்டேன். 148 வரி. அழகாக இல்லை.

ஜுலைஹா 12:05 முதல் பேசவில்லை. இன்டர்காமின் கம்பியும் அதே நனைந்த பெட்டி வழியாகத்தான் போகிறது. கம்பி போயிருக்கலாம். அவள் மயங்கியிருக்கலாம். எதுவென்று தெரியவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு. இதற்குப் பிறகு குறிப்பு இல்லையென்றால் கெர்னல் நின்றுவிட்டது என்று பொருள். குறை மாதிரி நிரலில் அல்ல. என் கோப்பில் 90 முதல் 112 வரையுள்ள வரிகளைப் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். என் மனைவி சிவகாமவல்லி, கோட்டாறு. அவளிடம் நான் பயந்தேன் என்று சொல்ல வேண்டாம்.

இறக்குகிறேன். ஏற்றுகிறேன்.

நாள் 8 — 12:33

நிற்கவில்லை.

பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. 12.4.

பன்னிரண்டு புள்ளி நான்கு.

வால்வு திறந்தது. அந்த ‘டக்’கைச் சொல்ல அங்கே குரல் இல்லை.

நாள் 8 — 13:25

14.0. 16.3. 18.8. 13:22க்கு 20.6, வால்வு மூடியது. நடுவே எத்தனையோ ‘பதில் இல்லை’. ஒன்றுகூடப் பொய் இல்லை.

ஜுலைஹா என்று நாற்பது முறையாவது கூப்பிட்டிருப்பேன். இன்டர்காமில் இரைச்சல் மட்டும்.

காற்று இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறாளா?

நாள் 8 — 13:44

கப்பலிலிருந்து, 13:38: “சார், நல்ல சேதி. காத்து தணிஞ்சிட்டு, ராவோட வந்துருவோம். விடியவும் மீட்புக் கலம் எறங்கும். ஆனா கலத்துல ஒரு முங்குக்குத்தான் பேட்டரி. ஒரு முங்கு, ஒரு வாசலு. ரெண்டாவது முங்க முப்பது மணி நேரமாவும். பின்னறையில ஆளு உசுரோட இருக்காவளா? இருந்தா அந்த வாசலு. இல்லன்னா உங்க வாசலு. ரெண்டரைக்குள்ள சொல்லுங்க, கலத்த அதுக்குத் தக்கன மாட்டணும்.”

நிலைய பேட்டரி 22 சதவீதம். இடைவழியில் மின்சாரம் கசிகிறது. விடியும்வரை தாங்கும். அதற்கு மேல் முப்பது மணி நேரம் தாங்காது.

எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. அறுபத்தொரு வயதில் இவ்வளவு ஆசை இருக்கும் என்று நினைக்கவில்லை. ‘தெரியாது’ என்று அனுப்பினால் போதும். அது பொய்யும் அல்ல. கலம் என் வாசலுக்கு வரும்.

அவள் இறந்திருந்தால் அந்த வாசலுக்குக் கலத்தை அனுப்புவது வெறும் அறைக்கு அனுப்புவது. அவள் இருந்தால்—

எப்படித் தெரிந்துகொள்வேன்? என்னிடம் இருப்பது ஓர் எண்.

வால்வு மூடியிருக்கிறது. உள்ளே யாரும் மூச்சு விடாவிட்டால் எண் அசையாது. மூச்சு விட்டால், மயக்கத்திலிருந்தாலும், அரை மணிக்கு ஒரு புள்ளி, அதாவது 0.1, குறையும்.

13:41: 20.6.

நாள் 8 — 13:52

பதில் இல்லை. பதில் இல்லை. 20.6. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. 20.6.

இந்த எண் அசையாமல் நிற்பதைப் பார்த்து நேற்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாள் 8 — 13:59

பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. 20.5.

நம்பக் கூடாது. ஒரு புள்ளி எந்தச் சென்சாரும் ஆடும். இன்னொன்று வேண்டும். ரெண்டரைக்கு முப்பது நிமிடம்.

நாள் 8 — 14:12

20.5. பதில் இல்லை. 20.5.

20.6.

இல்லை இல்லை இல்லை

பதில் இல்லை. பதில் இல்லை. 20.5. 20.5.

ஜுலைஹா, மூச்சு விடு. நீ எழுத ஒன்றுமில்லை, சொல்ல ஒன்றுமில்லை. மூச்சு மட்டும்.

நாள் 8 — 14:29

பதில் இல்லை. பதில் இல்லை. 20.4. பதில் இல்லை. 20.4. பதில் இல்லை. பதில் இல்லை. 20.4.

நிலையத்திலிருந்து: ‘உயிரோடு இருக்கிறாள். பின் வாசல்.’

கப்பலிலிருந்து, 14:32: “கேப்டன் கேக்காரு சார், நிச்சயமான்னு. பேசினாவளா?”

நிலையத்திலிருந்து: ‘பேசவில்லை. இரண்டு புள்ளி குறைந்திருக்கிறது. பின் வாசல்.’

கப்பலிலிருந்து, 14:36: “வெளங்கல சார். ஆனா நீங்க சொன்னா சரி. கலத்தப் பின் வாசலுக்கு மாட்டியாச்சு. இனி மாத்த முடியாது. உங்க வெளக்க எல்லாம் அணைச்சி வைங்க சார், பேட்டரிய இழுத்துப் பிடிங்க. முப்பது மணிய நா இருவத்தஞ்சாக்குதேன்.”

நாள் 8 — 15:40

விளக்குகளை அணைத்துவிட்டேன். ஹீட்டரையும். திரை வெளிச்சம் மட்டும். குளிர்கிறது. பேட்டரி 20.

20.2. பதில் இல்லை. பதில் இல்லை. 20.2.

அழைத்தேன். இரைச்சல்.

மனம் கேட்கிறது: வேறு காரணத்தால் குறைந்தால்? ஹீட்டரில் ஏதாவது கருகிக்கொண்டிருந்தால்? நெருப்பும் ஆக்சிஜனைத்தான் தின்னும். அதை நான் கப்பலிடம் சொல்லவில்லை. நெருப்பென்றால் வேகமாகக் குறையும். இது மெதுவாக. ஒரே சீராக. தூங்குகிறவளைப் போல.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாள் 8 — 16:10

20.1.

கை விறைக்கிறது எழுத்து சரியாக விழவில்லை

பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

சென்சாரே போய்விட்டதா

பதில் இல்லை

பதில் இல்லை

நாள் 8 — 16:38

பதில் இல்லை.

19.9. இருபதுக்குக் கீழே.

வால்வு திறந்தது.